தண்டு இல்லாத ஃபோர் வீல்

ஆம்பூரிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கொஞ்ச நேரத்தில் தரை மாறிவிடும். ஊரை ஒட்டியே பாலாறு. ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் தண்ணீர் இல்லாமல் மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கும் படுகை. ஒருபுறம் ஜவ்வாது மலை. பேரணாம்பட்டைத் தாண்டினால் ஆந்திர எல்லைக் காடு. வாணியம்பாடிப் பக்கம் போனால் 14 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏலகிரி. எல்லாவற்றுக்கும் நடுவே, மேடு பள்ளம் தெரியாமல் ஓடுகிற சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019-இல் மூன்றாகப் பிரிந்த இந்தப் பழைய மாவட்டத்தில் ஃபோர் வீல் ஜீப் என்றால் மலையில் வேலை இருப்பவர்களின் வண்டி. வனத்துறை, மின்வாரியம், புளி வியாபாரி, மலைக்கு ஆள் ஏற்றுகிறவர். ஷூ கம்பெனி முதலாளிக்கு அது தேவைப்பட்டதில்லை. அவருடைய உலகம் நெடுஞ்சாலையில் இருந்தது.

இப்போது அது தலைகீழாகியிருக்கிறது. 2025 ஜூனில் டாடா மோட்டார்ஸ் ஹாரியர் மின்சாரக் காரை வெளியிட்டபோது அதன் உச்ச ரகத்தில் நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுத்தது. அறிமுக விலை 28.99 லட்சம் ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் ஆலையின் விஎஃப் 7 காரிலும் நான்கு சக்கர இயக்கம் கொண்ட ரகம் உண்டு. ஆம்பூரை உள்ளடக்கிய தோல் தொழில் மண்டலத்துக்கு உள்ளேயே, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், டாடா மோட்டார்ஸும் ஜாகுவார் லேண்ட் ரோவரும் சேர்ந்து 9,000 கோடி ரூபாயில் திட்டமிட்ட ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டு மாதம் கழித்து அதே பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கும் அடிக்கல் விழுந்தது. லேண்ட் ரோவர் 1948-இல் பிறந்தது வயல்வேலைக்கு. இன்று அது செல்வந்தர்களின் வாகனம். மின்சார ஃபோர் வீல் அந்த இடைக்காலத்தையே தாண்டிக் குதித்து, பிறக்கும்போதே செல்வந்தர் வீட்டில் பிறந்திருக்கிறது. இதில் ஒரு முரண் இருக்கிறது. நான்கு சக்கரங்களையும் இயக்குவதற்கு மின்சாரம் கொடுக்கும் வழி, பழைய ஜீப்பின் வழியைவிட எளிமையானது. உறுப்புகள் குறைவு, தேய்மானம் குறைவு. எளிமையான ஒன்று மலிவான வேலை வண்டியாகத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

எளிமை எங்கே இருக்கிறது என்று பார்க்க, பழைய ஜீப்பின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி கியர்பாக்ஸைத் தாண்டியதும் ஒரு பெட்டிக்குள் போய் இரண்டாகப் பிரிகிறது. அங்கிருந்து முன்னால் ஒரு தண்டு, பின்னால் ஒரு தண்டு. ஒவ்வொரு தண்டின் முனையிலும் டிஃபரன்ஷியல். மெக்கானிக்குகள் ‘கிரவுன்’ என்று சொல்கிற பற்சக்கரக் கூடு. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கிறது. தார்ச்சாலையில் அருமையான ஏற்பாடு. மணலில் அதுவே எதிரி. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து சும்மா சுழன்றால், அதைச் சுழற்றத் தேவையான அற்ப விசைதான் நல்ல தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் போகும். பாலாற்றில் மணல் லாரிகள் ஒற்றைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நின்ற காட்சி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல.

மின்சார வண்டியில் தண்டு கிடையாது. முன் அச்சில் ஒரு மோட்டார், பின் அச்சில் ஒரு மோட்டார். இரண்டுக்கும் இடையே இருப்பது கம்பிகளும் ஒரு கணினியும் மட்டுமே. தண்டு போக வேண்டிய இடத்தில் தரை முழுவதும் பேட்டரியைப் பரப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு அச்சிலும் டிஃபரன்ஷியல் இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை மறுசக்கரத்துக்குத் திருப்புகிறார்கள்.

உண்மையான வித்தியாசம் வேகத்தில்தான். டீசல் இன்ஜினில் விசையைக் குறைக்க வேண்டுமென்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும், சிலிண்டர்களில் எரிதல் தணிய வேண்டும், சுழன்றுகொண்டிருக்கும் கனத்த இரும்பு அடங்க வேண்டும். நொடியின் பத்தில் சில பங்கு நேரமாவது போய்விடும். மோட்டாரில் மின்னோட்டத்தை மாற்றினால் போதும். நொடியின் ஆயிரத்தில் சில பங்கில் விசை மாறிவிடும். சக்கரம் மணலில் புதைவது அது சுழலத் தொடங்கிய அந்த முதல் கணத்தில்தான். அரைச் சுற்று சுழல்வதற்குள் பிடித்து நிறுத்திவிட்டால் பள்ளம் விழாது. ஹாரியரில் மணல், சேறு, பாறை என்று தனித்தனி ஓட்டமுறைகள் கொடுத்திருப்பதற்குப் பின்னால் இருப்பது இந்த ஒரே திறமைதான். எவ்வளவு சறுக்கலை அனுமதிக்கலாம் என்பது தரைக்குத் தரை வேறு. மணலில் கொஞ்சம் சறுக்க விட வேண்டும், பாறையில் விடவே கூடாது.

அந்தக் காரின் வயிற்றுக்குள் இன்னொரு சுவையான முடிவும் எடுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் இருப்பது நிரந்தரக் காந்தம் கொண்ட மோட்டார், முன்னால் இருப்பது காந்தமே இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். முன் மோட்டாரின் திறன் 158 குதிரைத்திறன், பின் மோட்டாரின் திறன் 238. ஏன் இரண்டு வகை? காந்த மோட்டார் சிக்கனமானது. ஆனால் மின்சாரம் கொடுக்காத நேரத்திலும் அதன் காந்தங்கள் கம்பிச் சுருள்களுக்கு முன்னால் சுழன்றுகொண்டே இருப்பதால் ஓர் இழுவை இருக்கும். இண்டக்‌ஷன் மோட்டாரில் மின்சாரத்தை நிறுத்தினால் காந்தப்புலமும் நின்றுவிடும். சக்கரத்தோடு சும்மா சுழலும். ஆகவே நெடுஞ்சாலையில் முன் மோட்டாரைத் தூங்கவிட்டு, பின் மோட்டாரை மட்டும் ஓட்டலாம். பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட ஹாரியருக்கு அதே 75 யூனிட் பேட்டரியில் சோதனைக்கூட ஓட்டத்தூரம் 627 கி.மீ., நான்கு சக்கர ரகத்துக்கு 622. ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். (நடைமுறையில் 460 முதல் 490 கி.மீ. கிடைக்கும் என்று நிறுவனமே சொல்கிறது. வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டிய எண் அதுதான்.) பழைய ஃபோர் வீல் ஜீப்புகள் இரண்டாவது தண்டையும் கிரவுனையும் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்து டீசலைக் குடித்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காந்தம் இல்லாத மோட்டாருக்கு இன்னொரு மதிப்பும் கூடியிருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு வகை அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் உலகெங்கும் மோட்டார் காந்தங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. நம் மணவாளக்குறிச்சி மணலில் அந்தத் தனிமங்கள் சில இருக்கின்றன. ஆனால் மணலிலிருந்து காந்தம் வரை போகும் பாதை நீளமானது.

பழைய கதை

இதெல்லாம் நேற்று வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-ஆம் ஆண்டிலேயே வியன்னாவின் லோனர் வண்டி நிறுவனத்துக்காகச் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த காரைச் செய்தார். இங்கிலாந்தின் லூட்டன் நகரைச் சேர்ந்த ஈ.டபிள்யூ. ஹார்ட் நான்கு சக்கரங்களிலும் மோட்டார் கேட்டார். அதையும் போர்ஷே செய்து கொடுத்தார். ஈய பேட்டரியின் எடை மட்டும் 1.8 டன். அந்தப் பாரத்தைக் குறைக்கத்தான் போர்ஷே சின்ன பேட்டரியும், அதற்கு மின்சாரம் உண்டாக்க பெட்ரோல் இன்ஜினும் வைத்து அடுத்த வண்டியைச் செய்தார். ஹைபிரிட் கார் பிறந்த கதை அது. பேட்டரியின் பாரம், ஓட்டத்தூரம், அதற்கு மருந்தாக ஒரு சிறு இன்ஜின்: 125 ஆண்டுகளாக அதே மூன்று சொற்களைத்தான் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வேலை வண்டி என்ற சொல்லுக்கு முழுத் தகுதி பெற்ற மின்சார ஃபோர் வீல் ஓடியது நிலாவில். 1971 ஜூலை 31 அன்று அப்பல்லோ 15 வீரர்கள் இறக்கி ஓட்டிய ஊர்தியின் எடை பூமியில் 210 கிலோ. தன் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கும். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார். ஒவ்வொன்றும் கால் குதிரைத்திறன்தான். நம் வீட்டுக் கிணற்று மோட்டாரைவிடச் சிறியது. டயர் கிடையாது, துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி வலை. ஒரு மோட்டார் பழுதானால் அந்தச் சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டு மற்ற மூன்றால் வந்து சேரலாம். நிலாத் தூளில் ஓடுவதற்குக் கால் குதிரைத்திறன் மோட்டார் நான்கு போதும் என்றால், 396 குதிரைத்திறன் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. நிலாவில் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு, வேகமும் மணிக்குச் சுமார் 13 கி.மீ.தான் என்பதைக் கழித்துவிட்டாலும் கேள்வி மிச்சமிருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.3 நொடியில் தொடுவது விளம்பரத்துக்கு. சேற்றிலிருந்து ஏறுவதற்கு அல்ல.

மணலும் மலையும் கேட்கும் விலை

தரை எவ்வளவு விழுங்கும் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு இரண்டரை டன் எடையுள்ள வண்டி நல்ல தார்ச்சாலையில் உருள்வதற்கு அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு விசை போதும். உதிரி மணலில் சாதாரண டயரோடு போனால் அது நூற்றில் இருபது, முப்பது பங்காகிவிடும். நடுவில் 25 என்று வைத்துக்கொண்டால், பாலாற்றுப் படுகையில் ஒரு கிலோமீட்டர் போக 1.7 யூனிட் மின்சாரம் சக்கரத்தில் வேண்டும். அதே தூரம் தார்ச்சாலையில், காற்றின் எதிர்ப்பையும் சேர்த்து, அதில் பத்தில் ஒரு பங்கு. விளம்பரத்தில் இருக்கும் 622 கி.மீ. மணலில் ஐம்பதுக்குக் கீழே வந்துவிடும். டயரில் காற்றைக் கணிசமாகக் குறைத்து, தரையைத் தொடும் பரப்பைக் கூட்டினால் இந்தச் செலவு வெகுவாகக் குறையும். மணலில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் முதலில் குனிவது டயர் வால்வுக்குத்தான். இரண்டாவது மோட்டார் அதற்குப் பிறகு.

மலைக்குக் கணக்கு வேறு, கொஞ்சம் இனிப்பானதும்கூட. பொன்னேரி அடிவாரத்திலிருந்து ஏலகிரி மேலே வரை ஏற்றம் சுமார் 650 மீட்டர். இரண்டரை டன்னை அந்த உயரம் தூக்க 4.4 யூனிட். சாலைத் தேய்வும் மோட்டார் இழப்பும் சேர்த்து ஏறி முடிக்க ஆறு, ஆறரை யூனிட் ஆகும் என்று கொள்ளலாம். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, அந்த 4.4 யூனிட்டில் சாலை தின்றது போக இரண்டரை யூனிட் அளவுக்குப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். டீசல் வண்டி அதே சக்தியைப் பிரேக் டிரம்மில் சூடாக்கிக் காற்றில் விட்டுவிட்டு வரும். மின்சார வண்டி பிரேக்கைத் தொடாமலேயே பதினான்கு வளைவும் இறங்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்தை மலைச்சாலையில் இது பெருமளவு நீக்குகிறது. மைலேஜைவிட இதுதான் பெரிய லாபம் என்பது என் எண்ணம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலே தங்கும் விடுதியில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்கப் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டார் பிரேக் பிடிப்பதும் குறைந்துவிடும். மலை மேலே எண்பதோடு நிறுத்துவது நல்லது.

ஏற்றத்தில் நின்று நின்று, அங்குலம் அங்குலமாகப் பாறை ஏறும் வேலையில் மின்சாரத்துக்கும் பலவீனம் உண்டு. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தருவது மோட்டாரின் புகழ்பெற்ற குணம். ஆனால் சுழலாமல் விசை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும் மோட்டாரில் மின்னோட்டம் சுருள்களுக்குள் மாறி மாறிப் போகாமல் சில சுருள்களிலேயே குவிந்துகிடக்கும். சுருளும், அதற்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் இன்வெர்ட்டரும் வேகமாகச் சூடாகும். சிறிது நேரத்தில் கணினி தானே விசையைக் குறைத்துவிடும். இதைத் தெரிந்துகொண்டுதான் 2024-இல் வந்த மெர்சிடிஸ் ஜி 580 மின்சார வண்டியில் நான்கு மோட்டார் வைத்தும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைவேகக் கியரைச் சேர்த்தார்கள். பழைய ஜீப்பின் லோ கியர் கோடிக்கணக்கில் விலை போகும் வண்டிக்குள் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த வண்டியின் எடை மூன்று டன்னுக்கு மேல். ஜவ்வாது மலையின் மண்பாதை அதைத் தாங்காது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு பேச்சு இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கியதை ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரக் காரில் தண்ணீர் உறிஞ்சி நின்றுபோக இன்ஜினும் இல்லை, சைலன்சரும் இல்லை. பேட்டரியும் மோட்டாரும் நீர் புகாதபடி மூடப்பட்டவை. ஹாரியர் 60 செ.மீ. தண்ணீரில் போகும் என்கிறார்கள். தேங்கி நிற்கும் தண்ணீருக்குத்தான் அந்த எண். வண்டியின் அடிப்பரப்பு ஆறு சதுர மீட்டர் என்றால், அடித்தட்டுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. தண்ணீரும் வண்டியை 600 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். முப்பது, நாற்பது சென்டிமீட்டர் ஏறினால் சக்கரத்தின் மேல் எடையே இருக்காது. எடை இல்லாத சக்கரத்துக்கு எத்தனை மோட்டார் வைத்தும் பயனில்லை. ஓடும் வெள்ளம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். நீர் புகாத வண்டி என்றால் அது நன்றாக மிதக்கும் வண்டி என்றும் பொருள். நான்கு சக்கர இயக்கம் பிரேக்குக்கும் உதவாது. எல்லாக் காரும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கிறது. மழையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை நெருங்கும்போது வண்டியை நிறுத்துவது டயர்தான்.

வேலூர் வெயிலையும் சொல்லியாக வேண்டும். கத்திரியில் 42, 43 டிகிரி இங்கே சாதாரணம். லித்தியம் பேட்டரிக்குப் பிடித்தது மனிதனுக்குப் பிடித்த வெப்பநிலைதான். முப்பத்தைந்தைத் தாண்டினால் அதன் வேதியியல் முதுமை வேகமெடுக்கும். இந்தியச் சந்தையில் பரவலாக இருக்கும் இரும்பு-பாஸ்பேட் வகை வெப்பத்தை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது, ஹாரியரிலும் அதுவே. மதியம் வெட்டவெளியில் நிறுத்தி வேகமாகச் சார்ஜ் ஏற்றுவதைவிட, இரவில் வீட்டில் மெதுவாக ஏற்றுவது அதன் ஆயுளுக்கு நல்லது.

சரி, ஹைபிரிட்? இங்கேதான் வாங்குகிறவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. 2025 ஜூனில் வந்த ஃபார்ச்சூனர் நியோ டிரைவில் 48 வோல்ட் சிறு மோட்டார் ஒன்று டீசல் இன்ஜினுக்குக் கைகொடுக்கிறது. தனியாக அது வண்டியை ஓட்டாது. மாருதி கிராண்ட் விட்டாராவில் மின்சாரத்திலும் ஓடக்கூடிய முழு ஹைபிரிட் உண்டு, நான்கு சக்கர இயக்கமும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் கிடையாது. முழு ஹைபிரிட் எடுத்தால் முன்சக்கரம் மட்டும். நான்கு சக்கரம் எடுத்தால் பெயரளவு ஹைபிரிட். இரண்டையும் சேர்ப்பது தொழில்நுட்பத்தில் தீர்ந்துபோன விஷயம். டொயோட்டா 2001-லேயே ஜப்பானில் எஸ்டிமா வேனில் முன்பக்கம் இன்ஜினும் மோட்டாரும், பின்பக்கம் தண்டு இல்லாமல் தனி மோட்டாரும் வைத்து விற்றது. குஜராத்தில் தயாராகும் மாருதியின் இ-விட்டாராகூட ஐரோப்பாவுக்கு நான்கு சக்கர ரகத்தில் போகிறது, இந்தியர்களுக்கு முன்சக்கரம். வரியும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு, ஹைபிரிட்டாக இருந்தாலும், ஜிஎஸ்டி 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5. அன்றாடம் ஐம்பது கிலோமீட்டர் மின்சாரத்திலும், தேவைப்பட்டால் இன்ஜினிலும் ஓடும் இடைநிலை வண்டி மலையோர ஊர்களுக்கு மிகவும் பொருந்தும். அதுதான் இந்த வரிக்கணக்கில் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

தோல் தொழிலுக்கு எது வேண்டும் என்று கேட்டால், ஃபோர் வீல் வேண்டவே வேண்டாம் என்பேன். பேரணாம்பட்டு டேனரியிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும், அங்கிருந்து ராணிப்பேட்டைக்கும் சரக்கு போகும் பாதை தட்டையானது, தினமும் அதே தூரம். குட்டி யானை என்று ஊரே அழைக்கும் டாடா ஏஸின் மின்சார வடிவம் 2022-இல் வந்தது: 21.3 யூனிட் பேட்டரி, 154 கி.மீ. என்ற சான்றிதழ், 600 கிலோ சுமை. பாதித் தூரம் கிடைத்தாலும் இந்தச் சுற்றுக்குப் போதும். தோல்காரர்களுக்கு மின்சாரக் கார் தரும் கவலை வேறொன்று. வால்வோ 2021-இல், இனி வரும் தன் முழு மின்சாரக் கார்களில் தோல் இருக்காது என்று அறிவித்தது. டெஸ்லா அதற்கு முன்பே விட்டுவிட்டது. ஆம்பூரின் வாழ்வு பெரும்பாலும் காலணியில் இருப்பதால் அடி நேரடியாக விழவில்லை. ஆனாலும் பனப்பாக்கம் ஆலையின் கார் இருக்கைகளில் பக்கத்து ஊர்த் தோல் இருக்குமா, செயற்கை உறை இருக்குமா என்பது இந்த மண்டலத்தில் பேசப்பட வேண்டிய கேள்வி.

ஃபோர் வீல் உண்மையில் வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள். 2023 மே மாதக் கடைசியில் அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலைக் கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்தது. திரும்பும்போது சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றது; தாய் சடலத்தைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தார். நாடு முழுக்க அந்தச் செய்தி போனது. வாணியம்பாடிக்கு மேலே நெக்னாமலையில் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த காலம் பழங்கதை அல்ல. சாலைதான் முதல் தீர்வு, அதில் சந்தேகமில்லை. ஆனால் போட்ட மண்சாலையும் ஒரு ஐப்பசி மழையில் அரித்துப்போகும் இடங்களில், அதில் போய் வரக்கூடிய வண்டியும் வேண்டும். இன்று அங்கே ஏறுவது வயதான டீசல் ஜீப்புகள். அவற்றின் இடத்துக்கு வருவதற்கு இந்தியாவில் எந்த நிறுவனமும் மின்சார வண்டி விற்கவில்லை. மஹிந்திரா 2023 ஆகஸ்டில் தார் ஜீப்பின் மின்சார மாதிரியைத் தென்னாப்பிரிக்காவில் காட்டியது. அதற்குப் பிறகு அதே நிறுவனம் சென்னையில் அறிமுகப்படுத்தி விற்ற மின்சாரக் கார்கள் பின்சக்கர இயக்கம் கொண்ட நகரத்து வண்டிகள்.

வெளியில் சிலர் குறுக்குவழி கண்டிருக்கிறார்கள். கென்யாவில் ஓபிபஸ் என்ற நிறுவனம் வனச்சுற்றுலாவுக்கு ஓடும் பழைய லேண்ட் குரூசர்களின் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்தது. சத்தம் இல்லாததால் விலங்குகள் கலைவதில்லை என்பது உபரி லாபம். நிலத்தடிச் சுரங்கங்களிலும் இப்படி மாற்றிய ஃபோர் வீல் வண்டிகள் ஓடுகின்றன. அங்கே டீசல் புகையை வெளியேற்றக் காற்று ஊதும் செலவே பெரிது. ஜீப்பின் தண்டுகளையும் லோ கியரையும் அப்படியே வைத்துக்கொண்டு இன்ஜினை மட்டும் மாற்றுவதால் ஒரே மோட்டார் போதும், பாறை ஏறும்போது சூடாகும் சிக்கலும் குறைவு. ஓடும் வண்டியை மின்சாரத்துக்கு மாற்ற இந்தியாவிலும் ஏஐஎஸ்-123 என்ற தரவிதி இருக்கிறது. ஆனால் மாற்றுப் பெட்டிகள் வருவது பெரும்பாலும் ஆட்டோவுக்கும் சின்னக் காருக்கும்தான்.

அப்படி ஒரு மலை ஜீப்புக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்? சுமையோடு 2.3 டன் என்று வைப்போம். மழைக்கால மண்பாதையில் உருள்தடை எடையில் நூற்றில் நான்கைந்து பங்கு. நாளொன்றுக்கு 40 கி.மீ. ஓட்டத்தில் அதற்கே 11 யூனிட். 600 மீட்டர் ஏற்றம் இரண்டு தடவை என்றால் 7.5 யூனிட் வேறு. இறங்கும்போது அதில் பெரும்பகுதி மண்ணை உழுவதற்கே கரைந்துபோகும், பேட்டரிக்குக் கொஞ்சம்தான் வரும். மோட்டார் இழப்பும் சேர்த்து நாளுக்கு இருபது யூனிட்டுக்குள் முடியும். அவசரத்துக்கு ஒரு தடவை வேலூர் வரை போய் வர 15 யூனிட் கையிருப்பு வைத்தால் 35 யூனிட் பேட்டரி. ஹாரியரில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. முழுக்கத் தீர்ந்தாலும் ஏசிக்குப் போடுகிற 15 ஆம்பியர் பிளக்கில் இரவு பதினோரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். வழக்கமான நாளில் ஆறேழு மணி நேரம். மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் இரண்டு நாள் இல்லாமல் போவதும் உண்டு. அதற்காக, போர்ஷே 1900-இல் செய்ததுபோல, பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறனில் ஒரு சின்ன ஜெனரேட்டர் இன்ஜினைப் பின்னால் பொருத்திவிட்டால் மணிக்கு ஆறேழு யூனிட் கொடுக்கும். அதே ஜெனரேட்டரும் பேட்டரியும் கரண்டு போன இரவில் துணைச் சுகாதார நிலையத்தின் மருந்துக் குளிர்பெட்டியையும் விளக்கையும் ஓட்டப் போதும்.